தவறான ஈஸ்டருக்குப் போன நாற்பத்தாறு பேர்

நாற்பத்தாறு கிரேக்கர்களைத் தவறான ஈஸ்டருக்கு அனுப்பியவள் நான். சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

மெல்பேர்னில் ஒரு சின்னக் கிரேக்க விமானக் கம்பனிக்கு டிக்கெட் விற்கும் அலுவலகத்தில் பதினாறு வருடம் இருந்தேன். கம்பனியிடம் மூன்றே விமானம். ஏதென்சிலிருந்து தீவுகளுக்கு நாளாந்த சேவை, மிச்ச நேரத்தில் விடுமுறைக்காரர்கள் முழு விமானத்தையும் வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர். என் முதலாளி கொஸ்தா மெல்பேர்னில் பிறந்த கிரேக்கர். அவர் ஆங்கிலத்தில் திட்டியதையும் மற்றவர்கள் சொன்னதையும் எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அப்போதுதான் சூடு ஆறாது.

எலேனி அன்ரி மெல்பேர்னில் உள்ள ஒரு கிரேக்கத் தீவுக்காரர் சங்கத்தின் தலைவி. ரோவில் என்ற புறநகரில் இருந்து வேலைக்கு வந்த தமிழ்ப் பெண்ணான நான், வயதான கிரேக்கப் பெண்கள் எல்லோரையும் அன்ரி என்றே கூப்பிடுவேன். அவர்களுக்கும் அது பிடித்திருந்தது. அன்ரி கேட்டது இவ்வளவுதான்: ஏதென்சில் இரண்டு மாதம் தங்கப்போகும் தங்கள் நாற்பத்தாறு பேர் கூட்டத்துக்கு, பெரிய வெள்ளிக்கு முதல் நாள் தீவுக்குப் போக ஒரு சார்ட்டர், ஈஸ்டர் முடிய திரும்பிவர ஒன்று. தீவில் அவருடைய அக்கா மரியா. முப்பது வருடமாகச் சகோதரிகள் ஒரு ஈஸ்டரும் சேர்ந்து கொண்டாடவில்லை.

நான் சுவர்க் காலண்டரில் பெரிய வெள்ளியைப் பார்த்தேன், சார்ட்டரைப் போட்டேன். ஏதென்ஸ் அலுவலகம் ஓம், சரி என்றது. சார்ட்டர் கேட்ட நாளுக்கு ஓடும், ஏன் என்று கேட்காது.

புறப்பட மூன்று வாரம் இருக்கையில் அன்ரி டிக்கெட்டோடு வந்தார்.

"பிள்ளை, இது வெள்ளைக்காரரின்ர ஈஸ்டர். எங்கடது அடுத்த கிழமை."

அவர்களுடைய ஓர்தடொக்ஸ் தேவாலயம் ஈஸ்டர் நாளை வேறு பஞ்சாங்கத்தில் கணக்கிடுமாம். கொஸ்தா உள்ளேயிருந்து வந்தார்.

"சியாமளா, உங்கட கோயிலிலயும் ரெண்டு பஞ்சாங்கம் எண்டு நீதானே சொன்னனீ? பிறகும் கேக்காமல் போட்டனியோ?"

வெட்கக்கேடு. வருடப்பிறப்பு எத்தனை மணிக்கு என்று வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் அடிபடுகிற வீட்டில் பிறந்தவள் நான்!

பயணத்தை ஒரு வாரம் தள்ளக் கேட்டு ஏதென்சுக்குப் போன் போட்டேன். விமானங்களை ஒழுங்குசெய்யும் ஒப்பரேஷன்ஸ் மனிதர் சிரித்தார். "அந்தக் கிழமை தீவுக்குப் போற பிளேனில ஈ இருக்கவும் இடமில்லை."

முடிந்தது என் வேலை என்று நினைத்தேன். அதைவிட, அன்ரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முப்பது வருடம் காத்திருந்த ஈஸ்டரை ஒரு காலண்டரால் கெடுத்துவிட்டேன். அப்போதுதான் பொறி தட்டியது. எல்லோரும் தீவுக்குப் போகிற கிழமையில்தானே இடமில்லை?

"திரும்பி வாறதுக்கு?"

"திங்கள், செவ்வாய் நிறைஞ்சிட்டுது. புதன் ஒரு பிளேன் சும்மா நிக்குது."

"அதை எங்களுக்குத் தாங்கோ!"

போகும் நாள் அப்படியே இருக்கட்டும், திரும்பும் நாளை மட்டும் தள்ளுவோம். ஐந்து இரவுப் பயணம் பதின்மூன்று இரவு ஆனது. அன்ரி கவுண்டரில் நின்றபடியே அக்காவுக்குப் போன் எடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். திட்டுத்தான் விழுகிறது என்று நினைத்தேன்.

"அக்கா அழுறா பிள்ளை," என்றார் அன்ரி, தானும் அழுதபடி. "சந்தோசத்தில. மற்ற ஆக்களுக்கும் ஊரில சொந்தக்காரர் இருக்கினம், ஒருத்தரும் ரோட்டில படுக்கமாட்டினம்."

கொஸ்தா என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். டிக்கெட் வாங்க வந்திருந்த யாரோ கைதட்டினார்கள்.

மெல்பேர்ன் திரும்பியதும் அன்ரி ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வந்தார்.

"அடுத்த வருஷமும் இதே பிழையைச் செய்."

காலண்டரைப் பார்த்தேன். "அன்ரி, அடுத்த வருஷம் ரெண்டு ஈஸ்டருக்கும் இடையில அஞ்சு கிழமை."

"அப்ப அஞ்சு கிழமையும் இருப்பம். அக்காவுக்கு எண்பத்தாறு வயசு."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். வாடிக்கையாளர் பண்டிகையின் பெயரைச் சொன்னால் சுவரைப் பார்க்காதீர்கள், அவரையே கேளுங்கள். பிஸ்கட்டோடு அன்ரி வந்த அன்றைக்கு நானும் கேட்டேன். அன்ரி இரண்டு திகதியையும் சொன்னார். ஐந்து கிழமைக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டேன்.