ரங்கூன் ஆற்றுச் சங்கிலி

கரையான்சாவடியிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்கு ஜட்கா ஓட்டிய துலுக்கானத்துக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. ஜெர்மன்காரன் ஏன் தோற்பான், காங்கிரஸ்காரர்கள் ஜெயிலுக்குப் போனது சரியா, பொம்பளைகள் ரவிக்கைக்குக் கை நீளமாக வைக்கலாமா, எல்லாவற்றுக்கும் கைவசம் பதில் வைத்திருப்பான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பேப்பரில் படம் மட்டும் பார்ப்பான். அப்படியானால் இவ்வளவு சேதி எங்கிருந்து வந்தது என்றால், அதுதான் அவனுடைய தொழில் ரகசியம்.

ஜட்காவில் முன்பாரம் பின்பாரம் என்று ஒன்று உண்டு. பாரம் பின்னால் சாய்ந்தால் குதிரைக்கு வயிற்றுப்பட்டை இறுகும். முன்னால் சாய்ந்தால் முதுகு நோகும். அதனால் ஏறுகிறவர்களை 'நீ முன்னால வா, நீ பின்னால போ' என்று மாற்றி மாற்றி உட்கார வைப்பது வண்டிக்காரன் உரிமை. துலுக்கானம் அந்த உரிமையை வேறு விதமாகப் பயன்படுத்தினான். ஏறுகிற ஆளைப் பார்த்ததுமே இவனிடம் பேச்சு இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவான். இருந்தால், ஆள் எலும்பும் தோலுமாக இருந்தாலும், "முன்பாரம் பத்தல, இப்டி வந்து குந்து சாமி" என்று தன் தோளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான். காலை வண்டியில் அவர்கள் சொன்னது மாலை வண்டியில் துலுக்கானத்தின் அபிப்பிராயமாக இறங்கும். பேச்சு சுவாரசியமாக இருந்து ஸ்டேஷன் நெருங்கிவிட்டால் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் குதிரையை நடக்க விடுவான். இரண்டு பேராவது தினம் ரயிலைத் தவறவிட்டார்கள். யாரும் பெரிதாகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சினிமா விஷயத்தில் மட்டும் அவன் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பூந்தமல்லியில் கூடாரக் கொட்டகை போட்டால் தரை டிக்கெட்டில் முதல் ஆள் அவன்தான். "பாட்டுக்காரன்னு கூட்டிகினு வரானுங்கோ, மூக்கால பாடறான். சண்டைக்காரன்னு கூட்டிகினு வரானுங்கோ, கத்திய வெளக்குமாறாட்டம் புடிக்கறான்" என்று அலுத்துக்கொள்வான். அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில், ஒரு ராஜா கதை வந்தது. அதில் அவனுக்குப் பிடித்தது ஒரே ஒரு காட்சி. எதிரிப் படகுகள் கோட்டைக்குள் வராமல் இருக்க ஆற்று முகத்தில் இரும்புச் சங்கிலியைக் குறுக்கே கட்டுகிறார்கள். படகுகள் முட்டி மோதித் திரும்பிப் போகின்றன. அந்த ஒரு காட்சிக்காகவே மூன்று தரம் போனான்.

முத்தம்மாள் சென்னீர்க்குப்பத்துக்காரி. கிணற்றடியில் சின்னதாக ஒரு கீரைப் பாத்தி. அதைப் பறித்து, கரையான்சாவடி வீடுகளுக்குக் கூடையில் கொண்டுபோய் விற்பாள். புருஷன் பருத்திப்பட்டு ஏரியில் கோரை அறுக்கப் போய், கால் சேற்றில் சிக்கி, அங்கேயே போய்விட்டான். அதிலிருந்து அவள் அந்த ஏரிப் பக்கம் போகிற வேலை இருந்தால் வேறு யாரையாவது அனுப்புவாள். ஒரே மகன் கோதண்டம் ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தைக்கிற வேலையில் இருந்தான். அவன் கப்பலேறிய நாளில் அவள் துறைமுகத்துக்குப் போகவில்லை. இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கோதண்டத்திடமிருந்து கடிதம் வந்தது. மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் எட்மண்ட்தான் அவளுக்குப் படிப்பதும் எழுதுவதும். 'ஜப்பான்காரன் வருவான் என்று இங்கே பேச்சாக இருக்கிறது. மில் ஆட்கள் சில பேர் கிளம்புகிறார்கள். மேஸ்திரி எனக்கும் கப்பலில் இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார். இப்போதே வந்துவிடட்டுமா, தை கழிந்து வரட்டுமா? அம்மா சொல்கிறபடி செய்கிறேன்' என்று எழுதியிருந்தான்.

மறுநாள் காலையில் முத்தம்மாள் வண்டி நிற்கிற ஆலமரத்தடிக்கு வந்தாள். கூடை தலையிலேயே இருந்தது.

"அண்ணாத்தே, ரங்கூனுக்கு ஏதாச்சும் ஆவுமா?"

துலுக்கானம் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். ஜப்பானைப் பற்றி முந்தின நாள் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் அவன் மனசில் நிற்கவில்லை. ஆனால் 'தெரியாது' என்ற வார்த்தை அவன் வாயில் பழகியதே இல்லை. அதோடு அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

"ரங்கூனா? அத்த எவன் புடிப்பான்? ஆத்து மொகத்துலயே இரும்புச் சங்கிலி போட்டு வெச்சிகீறான் தங்கச்சி, வெள்ளக்காரன். ஒரு படகு உள்ள பூர முடியாது. நீ கவலப்படாத போ."

அவள் கடிதத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். கேட்டதும் துலுக்கானத்துக்கு வாய் கொஞ்சம் அடங்கியது. ஒருத்தன் வருவதும் தங்குவதும் தன் பேச்சில் நிற்கிறது என்பது அவனுக்குப் புதுசு.

"இரு இரு. எழுதிப்புடாத. ஆர்பர் குமாஸ்தா கீறாரே, நம்மூரு தசரதன், அவராண்ட கேட்டுச் சொல்றேன். கப்பல் சமாசாரம் எல்லாம் அவரு கைல கீது. நாளைக்கு சாய்ங்காலம் வா."

இதுதான் அவன் செய்த நல்ல காரியம். கேட்டுச் சொல்கிறேன் என்றான், கேட்கவும் செய்தான். மறுநாள் மாலை ஆவடியில் தசரதன் ரயிலை விட்டு இறங்கியதும் அவரை முன்பாரத்துக்கு இழுத்து உட்கார வைத்து, வேறு பேச்சே இல்லாமல் நேராகக் கேட்டான்.

"ரங்கூனுக்கு இன்னா சாமி ஆவும்?"

தசரதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். "ஒண்ணும் ஆகாதுய்யா. ஆத்து முகத்துல இரும்புச் சங்கிலி போட்டிருக்கான். ஜப்பான்காரன் வந்தான்னா முட்டிக்கிட்டுத் திரும்பவேண்டியதுதான்."

துலுக்கானத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தான் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது நிஜமாகவே இருக்கிறதே! அதுவும் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர் சொல்கிறார். ஏரிக்கரையில் குதிரையை அன்று நடக்கவே விடவில்லை. ஓட்டமாக ஓட்டிக்கொண்டு வந்து, மரத்தடியில் காத்திருந்த முத்தம்மாளிடம் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னான்.

"நான் சொல்லல? குமாஸ்தாவே சொல்லிட்டாரு. அதே சங்கிலி. புள்ளய அங்கியே இருக்கச் சொல்லு. தை கழிஞ்சி சாவகாசமா வரட்டும்."

முத்தம்மாள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு எட்மண்ட் வாத்தியார் வீட்டுப் பக்கம் நடந்தாள். சங்கிலி உட்பட எல்லாவற்றையும் சொல்லி எழுத வைத்தாள்.

மார்கழி பிறந்து ஒரு வாரத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தது. காபி கிளப்பில் பேப்பரை வைத்துக்கொண்டு ஒருவர் சத்தமாகப் படிக்க, துலுக்கானம் சவுக்கைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று கேட்டான். குண்டு ஆகாயத்திலிருந்து விழுந்ததாம். ஆற்றுப் பக்கமே வரவில்லையாம். ஆகாயத்தைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை.

தை மாசம் ஒரு கார்டு வந்தது. 'நான் சௌக்கியம். கப்பலுக்குக் கூட்டம் தாங்கவில்லை. இடம் இல்லை. நாலைந்து பேராக நடந்தே கிளம்புகிறோம். பயப்படவேண்டாம்.' அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. துலுக்கானம் தினமும் கூடையோடு போகிற முத்தம்மாளைப் பார்த்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

சித்திரையில் மெட்ராஸே காலியாயிற்று. ஜப்பான்காரன் இங்கேயும் வரப்போகிறான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்து ஆவடியில் இறங்கினார்கள். ஜட்காக்களுக்கு ஓயாத சவாரி. அந்தக் கூட்டத்தில் ஒருநாள் கறுத்து ஒடுங்கிய ஆள் ஒருவன், காலில் துணி சுற்றிக்கொண்டு, துலுக்கானத்தின் வண்டிக்கு வந்தான்.

"சென்னீர்க்குப்பம் போவணும். கோதண்டம்னு, ரங்கூன்ல இருந்தானே, அவன் ஊட்டுக்கு."

பேர் தங்கவேல். அதே மில்லில் வேலை செய்தவன். துலுக்கானம் அவனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டான். இந்தத் தடவை நிஜமாகவே முன்பாரம் குறைவாக இருந்தது.

"நடந்து வர வழில, மலைல அவனுக்குப் பேதி கண்டுச்சி" என்றான் தங்கவேல். "ரெண்டு நாள் கைத்தாங்கலா கூட்டிகினு வந்தோம். மூணாம் நாள் முடியல. ஒரு மரத்தடில மண்ண தள்ளிட்டு வந்துட்டோம். ஆழமா தோண்டக்கூட யாருக்கும் தெம்பு இல்ல."

துலுக்கானம் கடிவாளத்தைத் தளர விட்டான். குதிரை தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கரை வந்தபோது தங்கவேல் மடியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"அவங்கம்மா போட்ட கடுதாசி. இதத்தான் ஒப்படைக்கலாம்னு வந்தேன். இத்த வெச்சிகினு மில்லு பூரா படிச்சிக் காட்டுவான். ஆத்துல சங்கிலி கீதாம், ஒண்ணும் ஆவாதாம்னு. நாங்க சிரிப்போம். தெனம் அந்த ஆத்துல குளிக்கறோம், சங்கிலியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவனுக்கும் தெரியும். ஆனா, எங்கம்மா விசாரிக்காம சொல்லமாட்டாங்க, இருன்னா இருக்கறேன்னு சொல்லிட்டான்."

அன்றைக்குச் சென்னீர்க்குப்பத்தில் முத்தம்மாள் வீட்டு வாசலில் அவனை இறக்கிவிட்டு, துலுக்கானம் வண்டியை அப்படியே திருப்பிவிட்டான். உள்ளே போக அவனுக்குத் தைரியம் இல்லை. அழுகைச் சத்தம் எழும்பும் என்று காதைத் தீட்டிக்கொண்டே போனான். தெருமுனை வரைக்கும் ஒரு சத்தமும் வரவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஆனால் ஒன்று அவன் மனசை அறுத்தது. சங்கிலி இல்லை என்றால் தசரதன் எப்படி அதைச் சொன்னார்? ஒரு வாரம் கழித்து, தங்கை குடும்பத்தை மெட்ராஸிலிருந்து அழைத்துவர அவர் வண்டி வைத்துக்கொண்டபோது கேட்டான்.

தசரதனுக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. பிறகு சிரித்தார்.

"ஓ, அதுவா? நம்ம கீரைக்காரம்மா சொன்னாய்யா, வாசல்ல கூடையை இறக்கி வெச்சிட்டு. நான் துறைமுகத்துல கணக்கு எழுதறவன், ரங்கூன் ஆத்தைக் கண்டேனா? அவ்வளவு தெரிஞ்சவ மாதிரி சொன்னா. நீ கேட்டப்ப எனக்குத் தெரியாதுன்னு சொன்னா மரியாதையா இருக்குமா?" பிறகு அவரே கேட்டார். "அது கிடக்கட்டும். மெட்ராஸ்ல குண்டு போடுவானா மாட்டானா? உன் அபிப்பிராயம் என்ன?"

"தெரியாது சாமி" என்றான் துலுக்கானம்.

அன்று முதல் அவன் வண்டியில் ஏறியவர்கள் ரயிலைத் தவறவிடவில்லை. முன்பாரத்துக்கு மூட்டைகளை வைத்தான். பூந்தமல்லியில் புதுப்படம் வந்து போனது. எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, பார்க்கவில்லை என்றான். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார்கள் சிலர். கொட்டகையில் தன் கண்ணால் பார்த்த ஓர் அட்டைச் சங்கிலி, தன் வாயில் புறப்பட்டு, கரையான்சாவடியைச் சுற்றிக்கொண்டு தன் காதுக்கே வந்து, கடல் தாண்டிப் போய் ஒரு பிள்ளையைக் கட்டிப்போட்டுவிட்டது என்று யாரிடம் சொல்வான்? சொல்லவேண்டிய ஆள் ஒருத்திதான். அவளிடம் போக ஒரு மாசம் ஆயிற்று.

வைகாசி வெயில். முத்தம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து பறித்த கீரையை வாழை நாரில் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். துலுக்கானம் வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்து எதிரில் குந்தினான். தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தங்கச்சி, அந்தச் சங்கிலி சினிமாவுல பாத்தது. உனுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னேன். குமாஸ்தா சொன்னாருன்னு வந்து சொன்னனே, அது அவரு உன்னாண்டயே கேட்டது. எனுக்கு அன்னிக்கித் தெரியாது. சத்தியமா தெரியாது."

முத்தம்மாளின் கை நிற்கவில்லை. ஒரு கட்டு முடிந்து இன்னொரு கட்டுக்கு நார் எடுத்தாள்.

"எனுக்குத் தெரியும் அண்ணாத்தே."

"இன்னாது?"

"நீ வண்டில குந்திகினே சங்கிலின்னு சொன்னியே, அப்பவே தெரியும். அதுக்கு மொத நாளு பூரா எல்லா ஊட்டு வாசல்லயும் அத்தத்தான சொல்லிகினு இருந்தேன். குமாஸ்தா ஊட்டுலயும் சொன்னேன். நான் சொன்னதே சுத்திகினு வருதுன்னு புரிஞ்சிபோச்சி."

துலுக்கானம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து குந்தினான்.

"அப்றம் ஏன் எழுதுன?"

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கப்பல்ல ஏறுன்னு சொல்ல எனுக்கு வாய் வரல. அத்தினி தண்ணி. அவங்கப்பனுக்கு இந்த ஏரித் தண்ணியே போதுமா இருந்துச்சி. அங்கியே இருக்கட்டும்னு யாராச்சும் சொல்லமாட்டாங்களான்னுதான் உன்னாண்ட வந்தேன். நீ சொன்ன. போதும்னு எடுத்துகினேன்." நாரை இறுக்கி முடிந்துவிட்டு, "நான் பண்ணது தப்பா அண்ணாத்தே?" என்றாள்.

தப்புதான் என்றும் தோன்றியது அவனுக்கு. இல்லை என்றும் தோன்றியது. அவள் தப்பு என்றால் தன் தப்பை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. பல வாரமாக யாருக்கும் அபிப்பிராயம் சொல்லாமல் இருந்த வாயைத் திறந்தான்.

"தப்பில்ல. நானா இருந்தாலும் அப்டித்தான் எழுதியிருப்பேன்."

முத்தம்மாள் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இதாச்சும் உன் சொந்தப் பேச்சா? இல்ல, எவனாச்சும் சொன்னதா?"

"சொந்தப் பேச்சுதான் தங்கச்சி."

அவள் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள். மகன் செத்த சேதி வந்த அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. துலுக்கானம் எழுந்து போகவில்லை. அவிழ்ந்து கிடந்த கீரையை எடுத்து, அவள் கட்டுகிற மாதிரியே, ஒவ்வொரு கட்டாகக் கட்டிக் கூடையில் அடுக்கினான்.