சுகுமாறன் கேமரா வாங்கிய கதை

மம்பாவைத் தாண்டி ரெம்பாவ் போகிற பாதையில், ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக இன்னும் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அதில் கடைசி வீடு சுகுமாறனுடையது. யாரிடமும் விசாரிக்க வேண்டாம், வாசலில் நிற்கிற மோட்டாரைப் பார்த்தாலே தெரியும். பழைய கப்சாய்தான், சின்ன மோட்டார் சைக்கிள். ஆனால் தினமும் தோட்டத்து மண்பாதையில் புரண்டு எழுந்து வருகிற வண்டி என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. அப்படித் துடைத்து வைத்திருப்பார்.

சுங்கை காடுட்டில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. நல்ல மனிதர், குடிப்பதில்லை, யாரோடும் வம்பு தும்பு கிடையாது. ஒரே குறை, வாயைத் திறக்க மாட்டார். சோறு போடட்டுமா என்றால் ‘ம்ம்’. கல்யாணத்துக்குப் போகலாமா என்றால் ‘ம்ம்’. பெண் பார்க்க வந்த அன்று, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் அதே ‘ம்ம்’தான் என்று மனைவி ரோகினி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்தப் பொறுமை வேண்டும். ரோகினிக்கு அது இருந்தது என்று சொல்ல முடியாது. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஷாமினி. அவளும் வீட்டுக்குள் அதிகம் பேச மாட்டாள், அப்பாவைக் கொண்டு பிறந்தவள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தோட்டத்துக்குள் பள்ளி பஸ் வராது என்பதால், இடைநிலைப்பள்ளியில் ஒன்றாம் படிவம் சேர்ந்த நாளிலிருந்து அவளைச் சுகுமாறன்தான் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவந்தார். விடியற்காலைக் குளிரில் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வார். இந்த நாட்டில் கப்சாய் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் மாட்டுவார்கள். ஜாக்கெட்டின் முதுகு மார்புப் பக்கம் வந்துவிட்டால் காற்று ஏறாது, பூச்சி அடிக்காது, ஜிப் போடுகிற வேலையும் இல்லை. முதுகுதான் திறந்து கிடக்கும். அதை மறைத்துக்கொண்டு ஷாமினி ஒட்டி உட்காருவாள். வண்டி நகர்ந்ததும் அப்பாவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் பள்ளி வாசல் வரும்வரை வாய் ஓயாது. அவர் ‘ம்ம்’ கொட்டிக்கொண்டே ஓட்டுவார். இடது பக்கக் கண்ணாடியில் அவள் முகம் தெரியும். அந்தக் கண்ணாடியைப் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்ப்பதற்காக அவர் ஒருநாளும் திருப்பி வைத்ததில்லை.

அந்த ஷாமினி படித்து முடித்து, கூச்சிங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலையும் வாங்கிவிட்டாள். கடல் தாண்டி, சரவாக். கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் தம்பின், கோலப்பிலா, புக்கிட் பூத்துஸ் என்று மோட்டாரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று அவள்தான் கேட்டாள். சுகுமாறன் வழக்கம்போல் ‘ம்ம்’ என்றார். ஆனால் மறுநாளே வேலையிடத்தில் நைஜலைத் தேடிப் போனார்.

நைஜல் அதே தொழிற்சாலையில் வேலை செய்கிற இளைஞன். பெரிய மோட்டாரில் தாய்லாந்து எல்லை வரை போய் வந்தவன். போன இடத்தையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் ஏற்றி, சொந்தக்காரர்களை எல்லாம் கட்டாயமாகப் பார்க்க வைப்பவன்.

“கேமரா ஒண்ணு வாங்கணும். மோட்டார்ல மாட்டுறது,” என்றார் சுகுமாறன். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

நைஜலுக்குத் தலைகால் புரியவில்லை. “அண்ணே, கேமரா அப்புறம்லா. எங்க மாட்டப் போறீங்க, அத மொதல்ல சொல்லுங்க. ஹேண்டல்ல வச்சா உங்க கப்சாய் போடுற ஆட்டத்துக்குப் படம் பார்க்கிறவங்க வாந்தி எடுத்துருவாங்க. ஆட்டத்த அடக்குற கேமரா இருக்கு, ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல. ஹெல்மெட்ல தாடைகிட்ட மாட்டுறதுதான் பெஸ்ட். ஆனா உங்க ஹெல்மெட்டுக்குத் தாடையே இல்ல.”

“உச்சியில?”

“மாட்டலாம். கொம்பு மொளச்ச மாதிரி இருக்கும்.”

எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்கிற கேமரா ஒன்றையும் நைஜல் காட்டினான். குச்சியில் செருகி வைத்தால் போதும், முன்னே பின்னே, வானம் பூமி, ஓட்டுகிற ஆள் எல்லாம் விழும். சுகுமாறன் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்ப்பதே சவரம் செய்யும்போது மட்டும்தான். அதை மணிக்கணக்கில் யார் பார்ப்பது? போதாததற்கு அந்தப் படத்தை வெட்டி ஒட்டுவதற்கு நல்ல போன் வேண்டுமாம். அவருடைய போன் வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கே பெருமூச்சு விடும்.

ஒரு வாரம் இதே பேச்சுதான். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், மழை பெய்தால் என்ன ஆகும், இருட்டில் எப்படி விழும் என்று நைஜல் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதையே மாற்றிச் சொல்வான். வீட்டில் ரோகினி ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டாள்.

“ஏங்க, புள்ள பின்னால உக்காந்து வரும். கேமரா முன்னால பாக்கும். அப்புறம் யாரத்தான் படம் புடிக்கப் போறீங்க?”

அதற்குத்தான் சுகுமாறன் தமக்குள் விடை வைத்திருந்தார். அவருக்கு வேண்டியது மலையும் இல்லை, பாதையும் இல்லை. இடது பக்கக் கண்ணாடியும் அதில் தெரிகிற முகமும்தான். அவள் போன பிறகு அந்தக் கண்ணாடி காலியாகத்தானே இருக்கும். இதை அவர் ரோகினியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? சொல்லவில்லை.

நைஜலோடு போன சிரம்பான் கடையில்தான் விஷயம் வெளியே வந்தது. கடைக்காரச் சீனர் எடுத்து வைத்த கேமராக்களில் எதையும் அவர் தொட்டுப் பார்க்கவில்லை. மார்பில் வார் போட்டுக் கட்டுகிற ஒன்றைக் காட்டி, வாசலில் நிற்கிற மோட்டாரில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று சைகையில் கேட்டார். கடைக்காரர் “போலே, போலே”, தாராளமாகப் பாருங்கள் என்று மலாயில் சொல்லித் தலையாட்டினார். சுகுமாறன் கேமராவைக் கட்டிக்கொண்டு மோட்டாரில் ஏறினார். நைஜலைப் பின்னால் ஏற்றி, தோளில் முகவாயை வைக்கச் சொன்னார்.

“அண்ணே, ரோட்டுல எல்லாரும் பாக்குறாங்க.”

“ம்ம். வையி.”

படத்தைப் போட்டுப் பார்த்தால், அகலமான லென்ஸில் இரண்டு கைப்பிடியும் விழுந்திருந்தன. இடது ஓரத்தில் கண்ணாடி, கண்ணாடிக்குள் நைஜலின் தாடி. சுகுமாறன் சிரித்தார். அவர் சிரித்து நைஜல் பார்த்தது அன்றைக்குத்தான்.

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டேண்ணே. சத்தத்த நம்பாதீங்க,” என்றான் அவன். “வெறும் காத்துதான் கேக்கும். அத அமுக்கிட்டு மேல ஒரு பாட்டு போட்டுக்கலாம்.”

பயணத்தன்று தோட்டம் முழுக்கப் பனி இறங்கியிருந்தது. சுகுமாறன் சட்டைக்கு மேல் வாரைக் கட்டி, கேமராவின் கோணத்தை மறுபடியும் சரிபார்த்து, பொத்தானை அமுக்கினார். பீப் என்று சத்தம் வந்தது. ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ரோகினி சமையலறையிலிருந்தே, “பாத்துப் போங்க, மழைத் துணி எடுத்துக்கிட்டீங்களா,” என்றாள். ஷாமினி ஏறி உட்கார்ந்தாள். அப்பாவின் திறந்த முதுகில் வார் குறுக்கே ஓடுவதைப் பார்த்து, “கேமரா ஓடுதாப்பா?” என்று கேட்டாள். அவர் ‘ம்ம்’ என்றார். கிளம்பிவிட்டார்கள்.

அருமையான நாள் அது. தம்பினில் பசியாறினார்கள். கோலப்பிலாவில் மிளகாய் போட்ட மசாக் லெமாக் கறியைக் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார்கள். புக்கிட் பூத்துஸ் வளைவுகளில் ஒரு மரலாரி முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனது, அதை முந்த முடியாமல் அதன் பின்னாலேயே வந்தார்கள். நிற்கிற இடத்திலெல்லாம் சுகுமாறன் கேமராவை அணைத்தார், கிளம்பும்போது மறக்காமல் முடுக்கினார். மனிதர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

படத்தை அன்றைக்கே பார்க்கலாம் என்று ஷாமினி கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். அவள் போன பிறகு பார்ப்பதற்காக எடுத்ததை அவள் இருக்கும்போது பார்ப்பானேன்?

விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த மறுநாள் சாயங்காலம், அவள் விட்டுப்போன பழைய கணினியில் கேமராவைச் செருகினார். நைஜல் சொன்னதை நினைத்துச் சத்தத்தை முழுதாக அமுக்கினார். ரோகினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதலில் வாசல் தெரிந்தது, மோட்டாரின் கைப்பிடி தெரிந்தது, கண்ணாடி தெரிந்தது. அப்புறம் இரண்டு கைகள் ஒரு துணியை ஏந்திக்கொண்டு வந்தன. அப்புறம் இருட்டு.

தள்ளிப் பார்த்தார், இருட்டு. அடுத்த படம், இருட்டு. நாளெல்லாம் எடுத்ததில் பளிச்சென்று விழுந்திருந்தது, ஜாக்கெட்டைக் கழற்றி, கேமராவை அணைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரத்தில் பதிவான ஒரு தட்டுச் சோறுதான்.

ரோகினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கேமராவ நெஞ்சுல கட்டிட்டு அதுக்கு மேல ஜாக்கெட்ட போட்டுக்கிட்டா போனீங்க?” என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், கேமராவுக்காக அழுகிறார் என்றால் ஊர் சிரிக்கும். அவர் அழுதது கேமராவுக்காக இல்லை. கண்ணாடியில் தெரிந்த அந்த முகத்தைத் தம் கையாலேயே மூடிவிட்டோமே என்றுதான்.

எல்லாவற்றையும் அழித்துவிடப் போன கையை ரோகினி பிடித்தாள். “இருங்க. சத்தத்த வைங்க, பாப்போம்.”

வைத்தார். காற்று இரைச்சல் இருந்தது, ஆனால் எங்கோ தூரத்தில், போர்வைக்கு வெளியே கேட்கிற மழைபோல. ஜாக்கெட் அதைத் தடுத்துவிட்டிருந்தது. அதற்கு மேலே, காதோரம் பேசுகிற மாதிரி ஷாமினியின் குரல். “அப்பா அங்க பாருங்க, எரும. அப்பா, அந்தக் கடையில ஒரு நாளு ரொட்டி சானாய் வாங்கித் தந்தீங்க, ஞாபகம் இருக்கா?” தோழிகளைப் பற்றி, ஹாஸ்டல் சோற்றைப் பற்றி, திருட்டுத்தனமாக வளர்த்த பூனையைப் பற்றி. ரோகினி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

“இத்தன வருஷமா இதான் நடந்துச்சா? வீட்டுல ஒரு வார்த்த வராது அவ வாயிலேருந்து,” என்றாள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, மறைக்கவில்லை.

இடையிடையே சுகுமாறனின் ‘ம்ம்’ கேட்டது. மார்போடு கட்டிய கேமரா என்பதால் மேளம் அடித்த மாதிரி விழுந்திருந்தது. கேட்கக் கேட்க அவருக்கே எரிச்சலாக வந்தது. ஒரு பிள்ளை இவ்வளவு பேசுகிறது, இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசினால் என்ன?

புக்கிட் பூத்துஸ் வந்தது. லாரியின் முனகல் கேட்டது. அவள் குரல் இறங்கியிருந்தது.

“அப்பா, எனக்கு அங்க போறதுக்குப் பயமா இருக்கு.”

“ம்ம்.”

“அம்மாகிட்ட சொல்லாதீங்க.”

“ம்ம்.”

“அங்க எனக்கு இப்படிப் பேசறதுக்கு யாரும் இல்ல. நீங்க வந்து ஒரு நாளு மோட்டார்ல கூட்டிட்டுப் போவீங்களா?”

“ம்ம்.”

சுகுமாறன் படத்தை நிறுத்தினார். இதில் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. லாரியின் பின்விளக்கும் எதிரே வந்த வளைவும்தான் நினைவில் இருந்தன. மகள் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள், அவர் லாரியைப் பார்த்துக்கொண்டு ‘ம்ம்’ என்றிருக்கிறார். அவமானமாக இருந்தது அவருக்கு. எத்தனை வருஷத்து ‘ம்ம்’களில் இப்படி எத்தனை போயிருக்குமோ என்று நினைத்துக்கொண்டார்.

ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்கிட்ட சொல்லக்கூடாதாம்,” என்றாள். பிறகு, “வரேன்னு வாக்கு குடுத்துட்டீங்க. போய்ட்டு வாங்க,” என்றாள்.

தொழிற்சாலையில் லீவு கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. நைஜல்தான் அவருக்குப் பதிலாகப் பேசினான், டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தான், கூச்சிங்கில் வாடகை மோட்டார் தருகிற ஆளையும் பிடித்தான். முதல்தடவை விமானத்தில் ஏறிய சுகுமாறன் ஜாக்கெட்டையும் கேமராவையும் மடியில் வைத்துக்கொண்டே போனார்.

ஷாமினி தங்கியிருந்த வீட்டு வாசலில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வாடகை மோட்டாரும் கப்சாய்தான், ஆனால் துடைக்காத கப்சாய். அவர் முதலில் அதைத் துடைத்தார். இடது பக்கக் கண்ணாடியைத் தமக்கு வேண்டிய கோணத்தில் திருப்பினார். பிறகு வாரைக் கட்டி, கேமராவை முடுக்கி, அதற்கு மேல் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டார். போன தடவை படம் இருட்டாகிப்போன கதையை அம்மா சொல்லி அவளுக்குத் தெரியும்.

“அப்பா, மறுபடியும் கேமராவ உள்ள வச்சு மூடிட்டீங்க,” என்றாள் ஏறிக்கொண்டே.

“தெரியும்மா. உள்ளயே இருக்கட்டும்.”

வண்டி நகர்ந்தது. அவள் பழையபடி தோளில் முகவாயை வைத்தாள். எதை முதலில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“பயம் போயிருச்சா இல்லையா, அத மொதல்ல சொல்லு.”

சுகுமாறன் கண்ணாடியைப் பார்த்தார். அதில் இருந்த முகம் திகைத்து, பிறகு சிரித்து, பிறகு அவர் தோளுக்குப் பின்னால் மறைந்துகொண்டது. அப்புறம் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஷாமினி சொன்னாள்:

“ம்ம்.”