கோட்டுக்கு அந்தப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர்

குணசீலனுக்கு மெதுவாகப் பேச வராது. இருபத்திரண்டு வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில், கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. சத்தீஸ்கர், மராட்டியம் என்று எங்கெங்கோ பாறையைத் துளைத்துவிட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கிற தன் ஊருக்கு வருவான். வந்துவிட்டான் என்று யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி மஞ்சுளாவிடம் சோற்றுக்கு உப்புக் கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் வண்டி ஊரோடு நின்றுபோனது. அவன் தெருவில் ஐந்து வீடுகளில் வயசானவர்கள் மட்டும். பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் மாட்டிக்கொண்டார்கள். மளிகைக்கடை காலை ஆறிலிருந்து பத்து வரைதான், அதற்குள் ஊரே அங்கே நிற்கும். யாரும் கேட்காமலே குணசீலன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவனே சொல்லுவான். சும்மா உட்கார்ந்திருக்க அவனால் முடியாது, அவ்வளவுதான்.

ஏற்பாடும் அவனுடையதுதான். சாயங்காலம் ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் ஒரு பை தொங்க வேண்டும். தீர்ந்துபோன சாமானின் காலிக் கவரை அதில் போட்டுவிட வேண்டும். மஞ்சள்தூள் கவர் இருந்தால் மஞ்சள்தூள், எண்ணெய்க் கவர் இருந்தால் எண்ணெய். சீட்டு எழுத வேண்டாம், கண்ணாடி தேட வேண்டாம். மறுநாள் காலை பையை நிரப்பி கேட்டில் மாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி ரோட்டில் சுண்ணாம்புத் தூளால் போட்ட கோட்டுக்குப் பின்னால் போய் நின்று குரல் கொடுப்பான். ரிக்கில் ஒருமுறை காற்று ஹோஸ் வெடித்து, பக்கத்தில் நின்றவனின் கால் முறிந்ததைப் பார்த்தவன் அவன். அன்றிலிருந்து எந்த ஊரில் துளை போட்டாலும் முதலில் சுண்ணாம்புக் கோடு. தாண்டி வந்தால் அப்பனாக இருந்தாலும் திட்டுதான்.

நாலு வீட்டில் சொன்னபடி நடந்தது. ஐந்தாவது வீடு மணியன், சுப்பம்மாள் வீடு. குணசீலனுக்குப் பெரியப்பா, பெரியம்மா முறை.

மணியனுக்கு எழுபத்தெட்டு வயது. நெஞ்சுச் சளியில் போன வருஷமே நாமக்கல் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்து வந்தவர். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது குணசீலனுக்குத் தெரியும். அவன் கோட்டை மற்ற வீடுகளுக்கு ஆறடியிலும் இந்த வீட்டுக்கு எட்டடியிலும் போட்டதே அதனால்தான்.

இந்த வீட்டோடு வேறொரு கதையும் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் குணசீலனின் அப்பா வேலியோரம் ஒரு போர் போட, மணியனின் கிணறு ஒரே கோடையில் வற்றிப்போனது. துளை போட்டது குணசீலன் வேலை பார்த்த வண்டி. அப்புறம் ஆறு வருஷம் இரண்டு வீடும் தண்ணீர் புழங்கவில்லை. ஒரு வீட்டில் இன்னொரு வீட்டார் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்றால் அங்கே உறவு அறுந்தது என்று பொருள். அப்பா செத்த அன்று சுப்பம்மாள் யாரையும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து குணசீலன் முன்னால் நீட்டினார். அவன் வாங்கிக் குடித்தான். சண்டை அதோடு தீர்ந்தது, பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை.

அந்தக் கையால்தான் இப்போதும் காலையில் சொம்பை கேட் தூண்மேல் கொண்டுவந்து வைத்தார்.

"வெயில்ல வந்திருக்கறே. ஒரு வாய் குடிச்சுட்டுப் போ சாமி."

"வேண்டாங்க பெரியம்மா. சாமான எடுத்துட்டு உள்ள போங்க."

ஒரு வாரம் இப்படியே ஓடியது. எட்டாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. குணசீலன் கோட்டில் நின்றபடியே தன் பைக்கிலிருந்து பாட்டிலை எடுத்து, முகக்கவசத்தை இறக்கி, மடமடவென்று குடித்தான். தூண்மேல் சொம்பு நிரம்பி நின்றது. சுப்பம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் அறுநூறு அடிப் பாறைக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான், எட்டடி தூரத்தில் ஒரு முகம் வாடியதைக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டில் பை இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் கடைக் கூட்டத்துக்கு நடுவே, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கையில் பையோடு சுப்பம்மாள் இடிபட்டு நின்றார். குணசீலன் நின்ற இடத்திலிருந்தே கத்தினான்.

"பெரியம்மா, நீங்க எதுக்குங்க இங்க வந்தீங்க?"

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் பார்க்கவில்லை.

மணியன்தான் போனில் விஷயத்தை உடைத்தார். "ஏன்டா குணா, அவ தண்ணி வெச்சா வேண்டாங்கறே. அவ கண்ணு முன்னாலயே உன்ற பாட்டல்ல குடிக்கறே. பழைய சண்டைய மறுக்கா ஆரம்பிச்சுட்டயான்னு கேக்கறா. ரெண்டு நாளா அவ செரியாச் சோறே திங்கல." சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை இருமினார்.

குணசீலனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மறுநாள் காலை வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் சொம்பை எடுத்துக்கொண்டு போய்க் கோட்டில் நின்றான். சுப்பம்மாள் வாசல்படியோடு நின்றுகொண்டார்.

"பெரியம்மா, உங்களுக்குப் பயந்துட்டு நான் தள்ளி நிக்கலீங்க. நூறு பேரு நிக்கற கடைக்குள்ள போய்ட்டு வாரேன். என்ற மேல என்ன ஒட்டிட்டு வருதுன்னு எனக்கே தெரியாது. அதக் கொண்டாந்து உங்க ஊட்டுல உட்டா பெரியப்பா தாங்கமாட்டாருங்க. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் உங்க தண்ணியக் குடிக்கறது?"

"ஊருக்குள்ள சீக்கு வந்திருக்கறது எனக்குந் தெரியும். அதுக்குன்னு தண்ணிய வேண்டாங்கறதா?"

"வேண்டாங்கல. என்ற சொம்ப இங்க வெக்கறேன். நீங்க தொடாம மேல இருந்து ஊத்திட்டு உள்ள போங்க. நான் வந்து குடிச்சுக்கறேன்."

சொம்பைத் தூண்மேல் வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் போனான். சுப்பம்மாள் உள்ளே போய்த் தன் சொம்போடு வந்தார். தூணருகே நின்று, கையை உயர்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிவிட்டுப் படியேறினார். அவன் வந்து அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தான். சாயங்காலம் பை கேட்டுக்குத் திரும்பியது. சொம்பு தூணிலேயே தங்கியது.

பன்னிரண்டு நாள் கழித்து குணசீலனுக்குக் காய்ச்சல். சோதனையில் கொரோனா என்று வந்தது. மஞ்சுளா அவனைப் பின்னறையில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாமான் கொடுக்கிற வேலையை மளிகைக்காரர் ஏற்றுக்கொண்டார். உடம்பு அடித்துப் போட்டது போலக் கிடந்தவனுக்கு மத்தியானம்தான் ஞாபகம் வந்தது: நேற்றுக் காலை அவன் கையில் பிடித்துக் குடித்த சொம்பு பெரியப்பா வீட்டுத் தூண்மேல் இருக்கிறது.

"பெரியப்பா, அந்தச் சொம்பத் தொட வேண்டாம்னு பெரியம்மாகிட்டச் சொல்லுங்க."

"அத அவ காத்தாலயே கழுவி ரொப்பி வெச்சுட்டாளே."

குணசீலன் போனை வைத்தான்.  காய்ச்சலைவிட அடுத்து வந்த பத்துப் பன்னிரண்டு நாள் பயம்தான் அவனை உருக்கியது. விடிந்ததும் மணியனுக்குப் போன் போடுவான். நலம் விசாரிப்பதுபோல ஏதாவது பேசி, அவர் இருமுவதற்காகக் காத்திருப்பான். துளை போடும்போது சத்தத்தை வைத்தே கீழே மண்ணா பாறையா என்று சொல்லுகிற காது அது. இது பழைய இருமலா, புது இருமலா? பழையதுதான் என்று தெரிந்தால் அன்றைய கஞ்சி உள்ளே இறங்கும். ஒருநாள் அவர் இருமவே இல்லை. அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. மணியனுக்கும் வரவில்லை, சுப்பம்மாளுக்கும் வரவில்லை.

பதினைந்தாம் நாள் கால் தள்ளாட அந்தத் தெருவில் நடந்தான். இடையில் ஒரு கோடை மழை பெய்திருந்தது. மற்ற நாலு வீட்டு முன்னாலும் கோடு கரைந்துபோயிருந்தது. மணியன் வீட்டு முன்னால் மட்டும் ஒரு கோடு, கோணல்மாணலாக, கோலப்பொடியில். அவன் போட்ட இடத்துக்கும் இரண்டடி அந்தப்புறம். தூண்மேல் அவனுடைய சொம்பு நிரம்பித் தளும்பியது.

பழைய இடத்தில் போய் நின்றான். உள்ளேயிருந்து சுப்பம்மாளின் குரல் வந்தது.

"அங்க இல்ல சாமி, அக்கட்ட தள்ளி நில்லு. நீ இப்பத்தான் சீக்குல கெடந்து எந்திரிச்சிருக்கறே. பெரியப்பன் ஊட்டுக்குள்ளதான் இருக்கறாரு."

அவன் இரண்டடி பின்னால் போனான். எப்போது கண்ணில் தண்ணீர் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"சோப்புப் போட்டுத்தான் தெனமும் கழுவுனேன்," என்றார் சுப்பம்மாள். "நான் உள்ள போறேன். நீ வந்து குடி."