ஃபேக்டரி பஸ் டிரைவரின் வரலாற்றுப் பரீட்சை

தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டைக்குப் போகும் எங்கள் ஃபேக்டரி பஸ்ஸில், என் ஊரான பண்டமாரானில் முதல் ஆளாக ஏறுபவள் நான். மற்றவர்கள் வரும்வரை டிரைவர் ஸ்டீயரிங்மேல் நோட்டை விரித்து, காலி சீட்டுகளைப் பார்த்து உரக்கப் பாடம் சொல்லுவார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. தனியாகப் பதிந்து எழுதும் வரலாற்றுப் பரீட்சைக்கு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் படித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தேறவில்லையாம்.

பரீட்சைக்குப் பயந்து படிவம் மூன்றோடு, ஒன்பதாம் வகுப்பிலேயே, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். இந்த முறையும் தேறாமல் போய்விடுவாரோ என்று எனக்குத்தான் கவலை.

“பஸ்ஸுல கறுப்பு ஜனங்க பின்னாலதான் உட்காரணும்னு வெள்ளைக்காரங்க சொன்னாங்க. அதனால ஒரு வருஷத்துக்கு மேல அந்த ஜனங்க பஸ்ஸே ஏறலமா,” என்றார் ஒருநாள்.

“அப்போ வேலைக்கு எப்படிண்ணே போனாங்க? லேட்டா போனா வேலை போயிடுமே!”

நோட்டைப் புரட்டினார். “நிறைய பேரு நடந்தாங்க. கார் வச்சிருந்தவங்க மத்தவங்கள ஏத்திக்கிட்டாங்க. அடடா, இத நான் எழுதுனதே இல்ல லா! தலைவருங்க பேர மட்டும் எழுதிட்டு வந்துட்டேன். நானே ஒரு டிரைவரு!”

பரீட்சையன்று காலையில் எங்களை இறக்கிவிட்டார்.

“மறந்துட்டா என்னண்ணே பண்ணுவீங்க?”

“ஆள ஏத்தி இறக்குன கதைமா. எனக்கா மறக்கும்?”

சிரித்தபடி அந்தப் பஸ்ஸிலேயே பரீட்சைக்குப் போனார். அவ்வளவு பெரிய வண்டியைப் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் எங்கே நிறுத்துவாரோ என்று நாள் முழுக்க எனக்குக் கவலை. தேறுவாரா என்ற கவலை மட்டும் ஏனோ வரவேயில்லை.