விலகி நட்ட பைன் மரங்கள்

பெங்களூரில் பைன் மரம் எதற்கு என்று மர்பி டவுனில் என் அக்கா கேட்டுக்கொண்டே இருப்பாள். வெயில் தாங்கும் ஒரு பைன் வகையை ஹொசக்கோட்டை பக்கம் எங்கள் வன ஆராய்ச்சி அலுவலகம் நட்டுப் பார்த்தது. நான் வேலையில் சேர்ந்த வருடம், நானும் என் மேலதிகாரியும் நின்று நட வைத்த கன்றுகள். ஒரு பாதியில் நெருக்கம், மறு பாதியில் தாராளமான இடைவெளி. எந்த இடைவெளியில் மரம் நன்றாக வரும் என்பதுதான் கேள்வி.

நெருக்கமானவை வெளிச்சத்துக்காக மேலே ஓடின. அடிமரம் பருக்கவில்லை, கீழ்க்கிளைகள் காய்ந்து உதிர்ந்தன. விலகி நின்றவை கட்டிப்பிடித்தால் கை எட்டாத அளவு பருத்தன. ஆனால் கிளைகள் உதிராததால் கட்டையில் நிறைய முடிச்சு, பலகைக்கு விலை குறையும். எது மேல் என்று சொல்ல மரம் முதிர வேண்டும். காத்திருந்தோம். எனக்குத் தலை நரைத்தது.

போன வருடம், நெருக்கமான பாதியில் நோஞ்சான் மரங்களை மட்டும் கழிக்க ஒரு கான்ட்ராக்டரை அமர்த்தினார்கள். டின் ஃபேக்டரி ஜங்ஷன் நெரிசலைத் தாண்டி நானும் மேலதிகாரி சாரும் போய் இறங்கியபோது, ரம்பச் சத்தம் மறு பாதியிலிருந்து வந்தது. பருத்த மரங்கள் எல்லாம் தரையில் கிடந்தன.

"என்னண்ணா பண்ணிட்டீங்க? அந்தப் பக்கம்தானே வெட்டச் சொன்னோம்!" என்று கத்தினேன்.

மரம் வெட்டும் ஆட்களின் மேஸ்திரி, நகரத்து ஆடுகோடிக்காரர். பயந்துபோனார். "கான்ட்ராக்டர் பெரிசா இருக்கறதை எடுன்னாரு மேடம். அந்தக் குச்சிங்களை யாரு வாங்குவாங்க? பேஜார் பண்ணிக்காதீங்க, திரும்பத் துளிர்த்துடும்."

"தைலமரம் துளிர்க்கும்பா," என்றார் சார். "பைன் துளிர்க்காது."

விழுந்த மரம் ஒன்றின்மேல் உட்கார்ந்து, கையில் ஒட்டிய பிசினைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஜீப்புக்குப் போய் அழுதேன்.

அடுத்த மழைக்காலத்தில், காற்றைத் தடுக்க பக்கத்தில் எதுவும் இல்லாமல், ஒல்லி மரங்களும் முறிந்து சாய்ந்தன. ஒப்பிட எதுவும் இல்லாததால் சோதனையை மூடிவிட்டார்கள். சார் ஓய்வுபெற்று லிங்கராஜபுரத்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். "திரும்ப நடலாமா சார்?" என்றேன்.

"நடலாம். வளர்ந்ததும் யாரும்மா அளக்கறது?"

எனக்கு மிச்சமிருக்கும் வேலைக்காலத்தில் ஒரு பைன் இடுப்பளவுகூடப் பருக்காது. காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.