இரண்டு பேருக்கான சஹன்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சின்ன சஹன் இருக்கிறது. பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே கடலை ஒட்டிய எங்கள் ஊரில், முஸ்லிம் வீடுகள் எல்லாவற்றிலும் சஹன் உண்டு. வட்டமான பெரிய தட்டு. நடுவில் சோற்றைக் கொட்டி, மூன்று பேரோ நாலு பேரோ சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவோம். கல்யாண விருந்தும் அப்படித்தான். யார் சஹனில் யார் உட்காருவது என்பதில் எங்கள் ஊரில் மனஸ்தாபமே வந்திருக்கிறது. ஆனால் இரண்டு பேர் மட்டும் சாப்பிடுகிற அளவில் சஹன் லேசில் கிடைக்காது. நானும் என் மகளும் மட்டும் இருந்த வீட்டுக்காக, பாத்திரக்கடை பாத்திரக்கடையாக ஏறி இறங்கி வாங்கியது அது.

இந்த முறை அவள் ஷார்ஜாவிலிருந்து வருகிறாள் என்றதும் அதை இறக்கித் தேய்த்துக் கழுவி வைத்தேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, அவள் மட்டும் பத்து நாள் வந்தாள். அந்தப் பத்து நாளில் ஒரே ஒரு வேளை என் எதிரே உட்கார்ந்து அதில் சாப்பிட வேண்டும். வேறொன்றும் நான் ஆசைப்படவில்லை.

பக்கத்து வீடு லாத்தா வீடு. லாத்தா என்றால் என் கூடப்பிறந்த அக்கா. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். எங்கள் உம்மாவிடம் இருந்தது ஒரு வீடு, பெண்கள் இரண்டு. நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள். சுவரில் ஒரு கதவும் வைத்தார்கள். அதற்குத் தாழ்ப்பாள் உண்டு, யாரும் போட்டதாக எனக்கு நினைவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் ஐந்து பிள்ளைகள். இந்தப் பக்கம் ஒன்று.

என் மகளின் வாப்பா சபரில் இருந்தார். வளைகுடா நாட்டுக்குப் பிழைக்கப் போவதை நாங்கள் சபர் என்போம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருவார். மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது அப்படி ஒரு முறை வந்துபோனார், நான் முழுகாமல் இருந்தேன். மூன்றாம் மாதம் அது தங்கவில்லை. பிறகு அடுத்த லீவு, அதற்கடுத்த லீவு, தஞ்சாவூர் டாக்டரம்மா, ஊசி, மாத்திரை. ஒன்றும் நடக்கவில்லை. கல்யாண வீடுகளில் கேட்பார்கள், "ஏம்மா, ஒண்ணோட நிப்பாட்டிட்டியா?" என்று. "நிப்பாட்டுறதுக்கு நான் என்ன பஸ் டிரைவரா?" என்று கேட்டுவிடுவேன். என் வாய்க்குப் பயந்து அப்புறம் யாரும் நேரில் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். அந்த மூன்று மாதத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை. தங்கியிருந்தால் அதற்கும் இப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருப்போம்.

லாத்தாவுக்கு அழவெல்லாம் நேரம் கிடையாது. அடுப்படியிலிருந்து ஒரே ஒரு குரல் கொடுப்பாள். "சோறாயிட்டு, வாங்க." பெரிய சஹனைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். யார் தின்றார்கள், யார் தின்னவில்லை, யார் கறித்துண்டைச் சோற்றுக்குள் புதைத்து வைத்தார்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் மதியம் அவளுடைய நாலாவது பெண் என் வீட்டுக் கட்டிலில் படுத்துத் தூங்கிப்போயிற்று. பொழுது சாய்ந்து மஹ்ரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் லாத்தா கதவு வழியாகத் தலையை நீட்டினாள்.

"இங்க ஒண்ணு கெடக்குதா பாரு."

"நல்லா புள்ள வளக்குற போ. இருக்கா இல்லையான்னு இப்பதான் தெரியுதா ஒனக்கு?"

"ஒண்ண வச்சிருக்கவ சொல்ல மாட்டியா?" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு இராத்திரிக்கு அவள் வீட்டிலிருந்து எனக்கு இடியாப்பம் வந்தது.

நான் வளர்த்த விதம் வேறு. கொடுவா மீன் வாங்கினால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, சதையை விரலால் நசுக்கிப் பார்த்து, மகள் பக்கம் தள்ளுவேன். அவள் மென்று விழுங்குகிறவரை முகத்தையே பார்ப்பேன். உப்புக் கூடுதலா, காரமா, ஏன் இன்றைக்கு ஒரு வாய் குறைகிறது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏதும் சொன்னாளா, எல்லாம் அந்த முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். இருப்பது ஒன்று. வேறு எதைப் பார்ப்பது?

ஆறு வயதில் ஒருநாள் அவள் கதவைத் தாண்டிப் போய் லாத்தா வீட்டுச் சஹனில் உட்கார்ந்துவிட்டாள். தன் முன்னால் கிடந்த சோற்றைச் சுற்றி விரலால் கரை கட்டிக்கொண்டு, அதற்குள் மட்டும் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். லாத்தாவின் பெரிய பையன் என்னிடம் ஓடி வந்தான். நான் அவனுக்குச் சாச்சி, உம்மாவின் தங்கச்சி.

"சாச்சி, ஒங்க மவ வரப்பு போட்டு சாப்புடுறா."

மற்ற பிள்ளைகள் அந்த வரப்பை வெட்டிவிட்டு, குழம்பை அவள் பக்கம் பாயவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். அழுதுகொண்டு ஓடிவருவாள், கண்ணைத் துடைத்துவிடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரே வாரத்தில் அடுத்தவன் முன்னாலிருக்கும் கறியைப் பிடுங்கித் தின்னப் பழகிக்கொண்டாள்.

அதிலிருந்து மதியச் சோறு அவளுக்கு அந்தப் பக்கம்தான். அதே நேரத்துக்கு லாத்தாவின் நாலாவது பெண் இந்தப் பக்கம் வரும். இரண்டும் கதவில் முட்டிக்கொள்ளும். எங்கள் ஊர் கடைமடை, மேலே உள்ள வயலெல்லாம் குடித்து மிஞ்சினால்தான் காவிரித் தண்ணீர் எங்களுக்கு வரும். ஐந்தில் நாலாவதாகப் பிறந்ததும் அப்படித்தான். மூத்ததுகளுக்குக் கை நீளம், கடைசிக்குச் செல்லம், இதற்கு எலும்பு. என் சின்ன சஹனில் எதிரே உட்கார்ந்து, "சாச்சி, முள்ளு எடுத்துத் தாங்க" என்று கேட்கும். எடுத்துக் கொடுப்பேன். நான் பார்க்கிறேனா என்று அது என் முகத்தைப் பார்க்கும். என் கண் கதவிலேயே இருக்கும். அங்கிருந்து என் மகள் சிரிக்கிற சத்தம் வரும்.

கூடப்பிறப்பு இல்லாத ஏக்கத்தில் போகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதைக் கொடுக்க முடியாத நான் எந்த வாயால் அவளைப் போகாதே என்று சொல்வது? சொன்னதில்லை.

இப்போது அவள் வந்தது லாத்தாவின் கடைசிப் பெண் கல்யாணத்துக்கு. ஐந்தும் ஒன்றாகக் கூடியிருந்தன, கேட்கவா வேண்டும். பெட்டியை என் வீட்டில் வைத்தவள் அந்தப் பக்கமே கிடந்தாள். கல்யாண விருந்தில் என் சஹனில் அவளுக்கு இடம் பிடித்து, கேட்டவர்களிடமெல்லாம் "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளை லாத்தா பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துப்போய்விட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண்தான். நான்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து நாளும் அப்படியே ஓடிவிட்டது. மறுநாள் திருச்சியில் ஃப்ளைட். மதியம் கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்து, சின்ன சஹனில் சோற்றைக் கொட்டிவிட்டேன். அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள்.

"ஏண்டி, அந்த வீட்ல என்ன தேனா ஒழுவுது?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

திரும்பினாள். சஹனைப் பார்த்தாள். வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் முள் எடுக்க ஆரம்பித்தேன்.

"உம்மா, பாக்காதீங்க."

"எத?"

"நான் சாப்புடுறத. சின்ன புள்ளையிலேருந்தே அதான் எனக்குக் கஷ்டம். அங்க போனா என்னைய யாரும் பாக்க மாட்டாங்க. நான் தின்னாலும் ஒண்ணுதான், தின்னாட்டியும் ஒண்ணுதான். இங்க ஒரு வாய் கொறஞ்சா ஒங்க முகம் விழுந்துரும். ஒங்க முகத்துக்காகப் பசியே இல்லாம எத்தன நாள் சாப்ட்டிருக்கேன் தெரியுமா?"

"அப்ப தம்பி தங்கச்சி இல்லேங்குறதுக்காக நீ போவலையா?"

"இல்ல உம்மா. அத நான் நெனச்சதே இல்ல."

இவள் தனியாக நிற்கிறாளே என்று நான் அழுத அழுகையெல்லாம் யாருக்காக? எனக்காகத்தான் போலிருக்கிறது. அது புரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சோற்றின் நடுவில் விரலால் நீளமாக ஒரு வரப்புப் போட்டேன்.

"இந்தா, இது ஒன் பக்கம். இது என் பக்கம். நான் செவுத்தப் பாத்துக்கிட்டுத் திங்கிறேன். போதுமா?"

நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டேன். அந்தப் பக்கம் புதுமாப்பிள்ளையை ஏதோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் சோறும் குழம்புமாக வேகவேகமாக விழுங்கினேன். வயிறு நிறைந்துவிட்டது. எழுந்துவிடலாம் என்று கையை எடுக்கும்போது விரலில் மெத்தென்று ஏதோ பட்டது.

குனிந்து பார்த்தேன். வரப்பு ஓரிடத்தில் வெட்டப்பட்டிருந்தது. அந்த வழியாக மீன் என் பக்கம் வந்திருந்தது. நசுக்கிப் பார்த்தேன், ஒரு முள் இல்லை.

"சாப்புடுங்க உம்மா" என்றாள்.

ஒரு வாய் எடுத்து வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது நிமிராமலே எனக்குத் தெரிந்தது. பசி துளிகூட இல்லை. அவள் தள்ளியதெல்லாம் தீரும்வரை சாப்பிட்டேன்.