மேக்கப் ரமணியின் மணப்பெண்

மோவாயை இரண்டு விரலால் பிடித்து, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, "அசையாத, பொண்ணே" என்பாள் ரமணி. அடுத்து ஒரு கேள்வி: "மாப்பிள்ளை குறட்டை விடுவாரா?" பெண் சிரிப்பாள். சிரிக்கும்போது கன்னம் எங்கே எழும்புகிறதோ, அங்கேதான் சிவப்புப் பூச வேண்டும் என்பது அவள் கணக்கு.

மலேசியாவில் கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை தோட்டத்துக் கல்யாணங்களுக்கு அவள்தான். கல்யாண வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். "வயிறு நிறைஞ்சா கை தூங்கிரும்லா" என்பாள். பெண்ணை அனுப்பி வைக்கும் நேரத்தில் பெற்றவளைவிட உரக்க அழுவதும் அவள்தான்.

போன ஞாயிறு சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. "மகளுக்குக் கல்யாணம்" என்று மட்டும்தான் புனிதவதி போனில் சொல்லியிருந்தாள். அறைக்குள் போய் மோவாயைத் தொட்ட ரமணி விரலை எடுத்துவிட்டாள். சென்ற வருடம் இதே அறையில், இதே முகத்துக்கு, மஞ்சள் நீராட்டுக்கு மை தீட்டியவள் அவள்!

"ஷர்மினி! கல்யாணம் ஒங்க அக்காவுக்கா?"

"எனக்கு அக்கா இல்ல ஆண்ட்டி. எனக்குத்தான்."

"நீ ஃபோம் டூதானே படிக்கிற?"

ஷர்மினி தலையாட்டினாள். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆண்ட்டி, நாளைக்கு ஸ்கூலுக்கு விடுவாங்களா? சயன்ஸ் டெஸ்ட் இருக்கு."

குறட்டைக் கேள்வி ரமணியின் தொண்டையிலேயே செத்துப் போனது.

அடுப்படியில் புனிதவதியைப் பிடித்தாள். "பதினாலு வயசு, புனிதா! ஒனக்குப் பைத்தியமா?"

"மெதுவா பேசுங்கக்கா. மாப்பிள்ளை என் கூடப்பொறந்த தம்பி. வெளியாளா என்ன? கோயில்ல தாலி மட்டும்தான். ரிஜிஸ்டர் பதினெட்டு ஆனதும் பண்ணிக்கலாம். போன்ல எவன்கூடவோ பேசுறா. நாளைக்குப் பேரு கெட்டா யாரு கட்டுவா? மேக்கப் போட வந்தீங்க, போட்டுட்டுப் போங்க."

சன்னலுக்கு வெளியே அந்தத் தம்பி நின்றான். முப்பது தாண்டிய லோரி ஓட்டுநர். "பொண்ணுக்கு மேக்கப் நெறைய அப்பிறாதீங்க, எனக்கு அடையாளம் தெரியாமப் போயிரும்!" என்றான். கூட நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ரமணி கணக்குப் போட்டாள். சண்டை போட்டால் தன்னை விரட்டிவிட்டு, அரை அலங்காரத்தோடு பிள்ளையைக் கோயிலுக்கு இழுத்துப் போய்விடுவார்கள்.

"சரி, கொண்டை ஊசி கார்ல இருக்கு" என்று வெளியே வந்தாள். காருக்குள் உட்கார்ந்து சமூக நல இலாகாவின் அவசர எண்ணுக்கு அழைத்தாள். போலீசோடு கிளம்பி வருவதாகவும், அதுவரை பிள்ளையை வீட்டைவிட்டு வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள்.

திரும்பி வந்து தாழ்ப்பாள் போட்டாள். விஷயத்தை ஷர்மினியின் காதோரம் சொன்னாள். பிள்ளை நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று நினைத்திருந்தாள்.

"அம்மாவ புடிச்சிட்டுப் போயிருவாங்களா ஆண்ட்டி?"

ரமணி அவளைத் திருப்பி உட்கார வைத்தாள். தலைமுடியைக் கையில் எடுத்துப் பின்னத் தொடங்கினாள்.

கதவு தடதடத்தது. "இன்னுமாக்கா ஆகல? பூசாரி கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு!"

"சடைதான் பாக்கி புனிதா. பின்னிக்கிட்டு இருக்கேன்."

சடை நுனிவரை முடிந்து, குஞ்சம்கூடக் கட்டியாகிவிட்டது. ரமணி குஞ்சத்தை அவிழ்த்தாள். பின்னலை அடியிலிருந்து உச்சிவரை பிரித்து உதறிவிட்டு, சீப்பை எடுத்து மறுபடியும் வகிடு எடுத்தாள்.